மாற்றுத்திறன் குழந்தைக்கு வருஷம் 3500 ரூபாய்னு சொல்றாங்களே, அது யார் கைக்கு வரணும்? எதுக்கு செலவு பண்ணலாம்?

செய்யாறு அம்மா

எல்லாருக்கும் வணக்கம். எம் பையனுக்கு ஒம்போது வயசு, எங்க ஊர் ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளில நாலாவது படிக்கிறான். மூளை முடக்குவாதம், ரெண்டு காலும் இறுக்கம் ஜாஸ்தி, வலது கை ஓரளவுக்கு வேலை செய்யும். யுடிஐடி கார்டுல, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைல, 75 சதவீதம்னு போட்டிருக்கு. படிப்பு நல்லா வருது, பேப்பர்ல தலைப்பெல்லாம் எழுத்துக் கூட்டாமலே படிச்சிடுவான், வாய்ப்பாடு கேட்டா டக்குனு சொல்லுவான். பிரச்சனையே உக்கார்றதுதான். ரெண்டாவது படிக்கும்போது கேம்ப்ல ஒரு சிபி சேர் குடுத்தாங்க, மூளை முடக்குவாதப் பிள்ளைங்களுக்குன்னு செய்யற சேர், முன்னாடி பலகை வச்சது. அப்ப கச்சிதமா இருந்துச்சி. இப்ப வளந்துட்டான், முட்டி போய் பலகைல இடிக்குது, இடுப்புல கட்ற பெல்ட் எட்டவே மாட்டேங்குது, கொஞ்ச நேரத்துலயே ஒரு பக்கமா சரிஞ்சிடறான், டீச்சர் போர்டுல எழுதும்போது தலையணைய முட்டு குடுத்து இவன நிமித்தி வைக்க பக்கத்து பையன்தான் எழுந்து வர்றான்.

பிஆர்சில, அதான் வட்டார வள மையத்துல போய் புது சேர் கேட்டேன், மூணு வருஷத்துக்கு ஒரு தடவதான் தருவோம், இன்னும் டைம் ஆகலன்னு சொல்லிட்டாங்க. அங்க பிசியோவுக்கு வந்த இன்னொரு அம்மா சொன்னாங்க, ஒவ்வொரு மாற்றுத்திறன் குழந்தைக்கும் சென்ட்ரல் கவர்மென்ட் வருஷம் 3500 ரூபாய் அனுப்புது, அது ஸ்கூலுக்கு வரும், நீங்க கேக்காததால தரலன்னு. எச்எம் கிட்ட கேட்டேன், அப்படி ஒரு காசு எங்க ஸ்கூல் அக்கவுண்டுக்கு வந்ததே இல்லம்மான்னு சொல்றாரு. அவர் நல்ல மனுஷன், பொய் சொல்ற ஆள் இல்ல, அதனாலதான் குழப்பமா இருக்கு.

இந்த 3500 நிஜமா? நிஜம்னா யார் அக்கவுண்டுக்கு வரணும்? அத வச்சு சேர் வாங்கலாமா? ஸ்கூல்ல ராம்ப்பு இருக்கு ஆனா செங்குத்தா இருக்கு, நான் பின்னாடி நின்னு தள்ளினா வீல்சேர் என் மேலயே சாயுது, அதுக்கும் இந்த காசுல செய்யலாமா? தினமும் ஆட்டோல கூட்டிட்டு போறேன், அதுக்கு ஏதாவது உண்டா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.

கார்த்தி வேலூர்

அக்கா எல்லாம் வர்ற வழிலயே காலியாயிடுது, அதான் உங்களுக்கு வரல. ஒரு ஆர்டிஐ போட்டு விடுங்க, தன்னால வெளிய வரும். எச்எம் பேர சொல்லி சிஇஓவுக்கு, அதான் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு கம்ப்ளைன்ட்டும் தட்டி விடுங்க.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர் பக்கம்

தம்பி கார்த்தி, அவசரப்படாதீங்க. அந்த எச்எம் சொன்னது உண்மை. முப்பது வருஷத்துக்கு மேல ஸ்கூல் கணக்கு எழுதினவன் சொல்றேன், அந்தப் பணம் பள்ளிக்கு வராது, அவர் மேல புகார் குடுத்தா அவரும் மனசு விட்டுப் போயிடுவார், அம்மாவுக்கும் ஒண்ணும் கிடைக்காது.

அம்மா, 3500 நிஜம்தான். சமக்ர சிக்‌ஷா, நம்ம ஊர்ல ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வின்னு சொல்றோமே, அந்தத் திட்டத்துல மாற்றுத்திறன் பிள்ளைங்களுக்காக உள்ளடக்கிய கல்வின்னு ஒரு செலவுத் தலைப்பு இருக்கு. முன்னாடி அனைவருக்கும் கல்வி இயக்கம் இருந்தப்ப எட்டாவது வரைக்கும் ஒரு குழந்தைக்கு வருஷம் 3000 ரூபாய்னு கணக்கு, 2018ல எல்லா திட்டத்தையும் ஒண்ணா சேத்தப்ப அத 3500 ஆக்கி பன்னெண்டாவது வரைக்கும் கொண்டு வந்தாங்க. ஆனா அது உங்க பையன் பேர்ல வர்ற கவர் கிடையாது. ஒரு குழந்தைக்கு 3500 வரைக்கும் திட்டம் போடலாம்னு வச்சிருக்கற உச்சவரம்பு அது.

எப்படி நடக்குதுன்னா, ஒவ்வொரு ஸ்கூல்லயும் எமிஸ், யுடைஸ்னு சொல்ற பள்ளி விவர கம்ப்யூட்டர் பதிவுல எத்தனை மாற்றுத்திறன் பிள்ளைங்க, யாருக்கு என்ன குறைபாடுன்னு பதிவு பண்ணியிருப்போம். அத வச்சு வட்டாரம், மாவட்டம், மாநிலம்னு மேல போயி வருஷாந்திர வேலைத் திட்டமும் பட்ஜெட்டும் தயாராகும். அது டெல்லில கல்வி அமைச்சகத்துல திட்ட ஒப்புதல் குழு முன்னாடி போகும், பிஏபின்னு சொல்லுவாங்க. அவங்க இத்தனை பிள்ளைக்கு கண்ணாடி, காது மெஷின், இத்தனை பேருக்கு போக்குவரத்துப் படி, இத்தனை பிரெய்ல் புத்தகம்னு இனம் இனமா ஓகே பண்ணுவாங்க. அதுல மத்திய அரசு 60, மாநிலம் 40. பணம் மாநிலத் திட்ட இயக்ககத்துக்கு வந்து அங்கிருந்து மாவட்டம், வட்டாரம்னு இறங்கும். ஒரு வட்டாரத்துல 200 பிள்ளைங்க இருந்தா 7 லட்சம் வரைக்கும் கேக்கலாம், ஆனா ஒரு பிள்ளைக்கு பெரிய எழுத்து புத்தகம் மட்டும் போதும், இன்னொரு பிள்ளைக்கு 9000 ரூபாய் பொருள் தேவைப்படும், அதனால எல்லாத்தையும் ஒரே குடத்துல ஊத்தி தேவைக்கு மொண்டு குடுக்கறாங்க. அது தப்பு இல்ல, அப்படி செஞ்சாதான் அதிகம் தேவைப்படற பிள்ளைக்கு கிடைக்கும்.

அதனால "என் 3500 எங்க"ன்னு கேட்டா அவங்க ஈசியா கையை விரிச்சிடுவாங்க. "என் பையனுக்கு இந்த அளவுல ஒரு சேர் வேணும், அத எந்த வருஷத் திட்டத்துல சேத்தீங்க"ன்னு கேளுங்க. அந்தக் கேள்விக்கு அவங்க பதில் சொல்லியே ஆகணும்.

சிறப்பாசிரியர், வட மாவட்டம்

பேர் போடல, வேலைல இருக்கேன். சார் சொன்னது முழுக்க சரி, நான் பிஆர்சி பக்கம் இருந்து மீதிய சொல்றேன்.

அக்கா முதல்ல உங்க சேர் விஷயம், ஏன்னா உங்களுக்கு தப்பான தகவல் குடுத்திருக்காங்க. கேம்ப்ல குடுக்கற பொருள் பெரும்பாலும் அலிம்கோல இருந்து வரும், கான்பூர்ல இருக்கற மத்திய அரசு கம்பெனி. அதுக்கு பணம் ரெண்டு இடத்துல இருந்து வருது, 60 சதவீதம் அடிப் திட்டம், மாற்றுத்திறனாளிங்களுக்கு உதவி உபகரணம் குடுக்கற திட்டம், அது கல்வித் துறை கிடையாது, மத்திய சமூக நீதி அமைச்சகம், மீதி 40 சதவீதம் நம்ம உள்ளடக்கிய கல்வி நிதி. அடிப் விதில ஒரே பொருளுக்கு மறுபடி உதவி வாங்க மூணு வருஷம் ஆகணும்னு இருக்கறது உண்மைதான், ஆனா அதுக்கு அடுத்த வரியிலயே 12 வயசுக்கு கீழ இருக்கற குழந்தைக்கு ஒரு வருஷம் போதும்னு இருக்கு. வளர்ற பிள்ளைக்கு சேரும், கை காலுக்கு மாட்டற காலிபரும் ஸ்ப்ளின்டும் மூணு வருஷம் எப்படி தாங்கும், அதுக்காகத்தான் அந்த வரியே போட்டிருக்காங்க. உங்க பையனுக்கு ஒம்போது, ரெண்டாவதுல வாங்கினது, இப்ப நாலாவது, தாராளமா தகுதி உண்டு. வாயால கேக்காதீங்க, எழுதிக் குடுங்க. குடுக்கறதுக்கு முன்னாடி பிசியோ கிட்ட உக்கார வச்சு அளவு எடுக்கச் சொல்லுங்க, இடுப்பு அகலம், முட்டி வரைக்கும் தொடை நீளம், முட்டில இருந்து பாதம், அக்குள் உயரம், இந்த நாலும் அந்த லெட்டர்ல இருக்கணும். அளவு இல்லாம போற லிஸ்ட்டுக்கு சிறுசு பெருசுன்னு ரெண்டு சைஸ்தான் வரும், வந்த பிறகு பொருந்தாது, அப்புறம் அது எங்க ரூம்லயே பாலிதீன் பிரிக்காம நிக்கும். அந்த மாதிரி நிக்கறத பாக்கும்போது எனக்கு வயிறு எரியும், ஏன்னா அந்த நேரத்துலயே வெளிய ஒரு பிள்ளை தரைல உக்காந்திருக்கும்.

அடுத்து எதுக்கு செலவு பண்ணலாம் எதுக்கு கூடாதுன்னு. இந்த 3500 கணக்கு பிள்ளைய நேரா சேர்ற செலவுக்கு. உதவி உபகரணம், பிரெய்ல் புக்கு, பெரிய எழுத்து புக்கு, சிறப்பு கற்றல் பொருள், தெரபி, வீட்டு வழிப் பயிற்சில இருக்கற பிள்ளைக்கு வேண்டிய பொருள், போக்குவரத்துப் படி, கூட வர்றவங்களுக்கு பாதுகாவலர் படி, பார்வை இல்லாத பிள்ளைக்கு வாசிப்பாளர் படி, விளையாட்டு, சுற்றுலா இதெல்லாம் வரும். கட்டடம் வராது. ஸ்கூலுக்கு பொதுவா பெஞ்சு வாங்கறது வராது. எங்க சம்பளமும் இதுல வராது, அதுக்கு தனி தலைப்பு. பிளாக் லெவல்ல நடத்தற கண்டறியும் முகாமுக்கும் ஒரு கேம்ப்புக்கு 10,000 ரூபாய்னு 2021ல தனியா போட்டாங்க, அதனால கேம்ப் செலவ காட்டி பிள்ளைங்க பணத்த குறைக்க முடியாது. ஒரு தலைப்புல ஓகே ஆன பணத்த இன்னொரு தலைப்புக்கு எங்க லெவல்ல மாத்தவும் முடியாது, மாத்தினா ஆடிட்ல நிக்கும். தெரபிக்கு வந்த பணம் மிச்சம் இருந்தும் சேர் வாங்க முடியாம நாங்க கைய பிசைஞ்சிட்டு நிக்கறது இதனாலதான், மனசு இல்லாம இல்ல.

ஆட்டோவுக்கு வர்றேன். போக்குவரத்துப் படி உண்டு, நீங்க கூடவே போறதால பாதுகாவலர் படிக்கும் எழுதிக் குடுங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல 16வது பிரிவுலயே மாற்றுத்திறன் குழந்தைக்கும், அதிக துணை தேவைப்படற குழந்தையோட உதவியாளுக்கும் போக்குவரத்து வசதி செஞ்சு தரணும்னு இருக்கு. இந்தப் பணம் உங்க பேங்க் அக்கவுண்டுக்கே நேரா வரும். லிஸ்ட்ல பேர் சேர்க்கறது உங்க வட்டார சிறப்பாசிரியர்தான், அவங்க உங்க பையன பாத்திருக்காங்களா, எமிஸ்ல அவன் குறைபாடு வகை சரியா ஏறியிருக்கான்னு முதல்ல செக் பண்ணுங்க. மூளை முடக்குவாதத்த கை கால் குறைபாடுன்னு பொதுவா ஏத்தி விட்டுடறாங்க, அப்ப சிபி சேர் லிஸ்ட்லயே அவன் பேர் வராது. இத நான் நிறைய இடத்துல பாத்துட்டேன். நலம் நாடின்னு ஒரு ஆப்ல இப்ப ஸ்கிரீனிங் எல்லாம் ஏத்தறோம், அதுல உங்க பையனுக்கு என்ன போட்டிருக்குன்னு கிளாஸ் டீச்சர் கிட்ட காட்டச் சொல்லலாம்.

இன்னொண்ணு, பொருள் வாங்கும்போது ஸ்டாக் ரெஜிஸ்டர்ல உங்க கையெழுத்து வாங்குவோம். என்ன பொருள், என்ன தேதின்னு படிச்சிட்டு போடுங்க. வெறும் பேப்பர்ல, பேர் மட்டும் எழுதின வரியில கையெழுத்து போடவே போடாதீங்க.

கார்த்தி வேலூர்

மேடம் நீங்க சொல்றது புரியுது. ஆனா ஆர்டிஐ போட்டா தப்பு என்ன? திட்டத்துல என்ன ஓகே ஆச்சு என்ன செலவாச்சுன்னு தெரிய வேணாமா?

மதுரை ராணி, பெற்றோர்

தம்பி, ஆர்டிஐ தப்பே இல்ல, ஆனா அத கடைசில வைங்க, முதல்ல இல்ல. என் மகளுக்கு ஆட்டிசம், இந்த அலைச்சல் எல்லாம் அலைஞ்சு முடிச்சவ நான். பிஏபி மினிட்ஸ் ஒளிச்சு வைக்கற பொருள் இல்ல, ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் என்ன ஓகே ஆச்சுன்னு கல்வி அமைச்சகம் வெப்சைட்லயே போடறாங்க. உள்ளடக்கிய கல்வின்னு தலைப்பு பாத்து போனீங்கன்னா எத்தனை பிள்ளை, ஒரு யூனிட் எவ்ளோ, மொத்தம் எவ்ளோன்னு இருக்கும். அத பிரிண்ட் எடுத்து கைல வச்சுக்கிட்டு பேசினா பேச்சே வேற மாதிரி இருக்கும். அதுக்கு அப்புறமும் மழுப்பினா அப்ப ஆர்டிஐ போடுங்க, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மாவட்டத் திட்ட அலுவலக பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஊழல் நடந்ததா"ன்னு கேட்டா பதில் வராது. "இந்த வட்டாரத்துக்கு இந்த வருஷம் உதவி உபகரணத்துக்கு ஒதுக்கின தொகை எவ்வளவு, வாங்கின பொருள் பட்டியல் நகல், விநியோகப் பதிவேட்டு நகல்"னு கேளுங்க, முப்பது நாள்ல குடுத்தாகணும். மத்த பிள்ளைங்க பேர மறைச்சு குடுப்பாங்க, அது சரிதான், நமக்கும் அது வேணாம்.

செய்யாறு தங்கச்சி, உங்களுக்கு நான் சொல்ல விரும்பறது இதுதான். இது ஏதோ இரக்கப்பட்டு குடுக்கற பொருள்னு நெனச்சு கூனிக் குறுகி கேக்காதீங்க. அதே 2016 சட்டத்துல 17வது பிரிவு இருக்கு, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைபாடு இருக்கற மாணவருக்கு 18 வயசு வரைக்கும் புத்தகம், கற்றல் பொருள், பொருத்தமான உதவி உபகரணம் இலவசமா தரணும்னு. உங்க பையனுக்கு 75. பொருத்தமானன்னு சட்டத்துலயே இருக்கு, முட்டி இடிக்கற சேர் பொருத்தமான சேர் ஆகாது. லெட்டர்ல இந்தப் பிரிவ எழுதுங்க, பிசியோ அளவ சேருங்க, பழைய சேர்ல பையன் உக்காந்திருக்கற போட்டோ ஒண்ணு பக்கவாட்டுல எடுத்து வைங்க. மூணு காப்பி, ஒண்ணு வட்டார வள மையத்துக்கு, ஒண்ணு மாவட்ட உள்ளடக்கிய கல்வி ஒருங்கிணைப்பாளருக்கு, ஒண்ணு ஸ்கூல்ல. மூணுலயும் சீல் போட்டு வாங்கிக்கங்க. எங்க வீட்டுல ஒரு ஃபைலே இருக்கு, மக பொறந்ததுல இருந்து எல்லா பேப்பரும்.

டைம் முக்கியம். அடுத்த வருஷத் திட்டத்துக்கு கணக்கெடுப்பு டிசம்பர் ஜனவரில ஓடும். ஜூன்ல போய் நின்னா "இந்த வருஷம் லிஸ்ட் போயிடுச்சு"ம்பாங்க. இப்பவே குடுங்க.

பள்ளி மேலாண்மைக் குழுவுலயும் பேசுங்க. கல்வி உரிமைச் சட்டத்துல 2012ல திருத்தம் பண்ணி மாற்றுத்திறன் குழந்தைங்கள பின்தங்கிய பிரிவுல சேத்தாங்க, பின்தங்கிய பிரிவு பிள்ளைங்களோட பெற்றோருக்கு அந்தக் குழுவுல இடம் தரணும்னு சட்டம். குழுவுல தீர்மானமா போட்டு அனுப்பினா மேல அத தள்ள முடியாது.

செய்யாறு அம்மா

ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும். ராணி அக்கா நீங்க எழுதினத படிச்சிட்டு எங்க வீட்டுக்காரர் கிட்டயும் காட்டினேன். பன்னெண்டு வயசுக்கு கீழ ஒரு வருஷம்ங்கறது எனக்கு யாருமே சொல்லல.

ராம்ப்பு பத்தி மட்டும் யாராவது சொல்லுங்க. வராண்டா ரெண்டு அடி உயரம் இருக்கும். ராம்ப்பு எட்டடி நீளம்தான், ஒரு பக்கம் மட்டும் கம்பி, அதுவும் ஆடுது. மாற்றுத்திறனாளி டாய்லெட்னு எழுதின ரூம் இருக்கு, கதவு தாழ்ப்பா உடைஞ்சு விளக்குமாறு பக்கெட்டெல்லாம் உள்ள போட்டு வச்சிருக்காங்க.

பிரபு, திருச்சி

ஸ்கூல் கிராண்ட்னு ஒண்ணு வருஷா வருஷம் வருமே, அதுல எச்எம் நெனச்சா சேர், ராம்ப்பு ரெண்டையும் முடிச்சிடலாமே. எதுக்கு டெல்லி வரைக்கும் போகணும்?

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர் பக்கம்

பிரபு சார், நல்ல எண்ணத்துல சொல்றீங்க, ஆனா அந்த எச்எம்ம மாட்டி விட்டுடும். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் பிள்ளைங்க எண்ணிக்கைய வச்சு வருது, முப்பது பேர் வரைக்கும் 10,000, நூறு பேர் வரைக்கும் 25,000, 250 வரைக்கும் 50,000. கிராமத்து தொடக்கப் பள்ளின்னா அதிகபட்சம் 25,000னு வைங்க. அதுல குறைஞ்சது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்குன்னு விதியே இருக்கு. கரண்ட் பில், தண்ணி, சாக்பீஸ், ரிப்பேர், விளையாட்டு சாமான் எல்லாம் அதுலதான். தனி ஒரு பிள்ளைக்கு உதவி உபகரணம் அதுல வாங்கினா, இதுக்கு தனி நிதி இருக்கும்போது இதுல ஏன் வாங்கினன்னு தணிக்கைல எழுதிடுவாங்க, ரிட்டயர் ஆகும்போது அவர் பென்ஷன்ல வந்து நிக்கும். இத பயந்து சொல்லல, பக்கத்து ஸ்கூல் சாருக்கு நடந்தத பாத்தேன்.

ஆனா அம்மா கேட்டதுல பாதிய அந்த மானியத்துலயே செய்யலாம். இருக்கற கட்டடத்துல, இருக்கற கழிப்பறைல பராமரிப்பும் ரிப்பேரும் அதுக்கு பொருந்தும். ஆடற கம்பிய வெல்டிங் வைக்கறது, டாய்லெட் கதவு தாழ்ப்பா, உள்ள பிடிச்சு எழுந்திரிக்க ஒரு கைப்பிடி, இதெல்லாம் தாராளமா போடலாம், குழுவுல ஒரு தீர்மானம் எழுதி ரசீது வச்சா போதும். விளக்குமாற வெளிய எடுக்க காசே வேணாம், எச்எம் கிட்ட நேரா சொல்லுங்க, நாளைக்கே எடுத்துடுவார்.

புது ராம்ப்பு வேற கதை. ஓரடி உயரத்துக்கு பன்னெண்டடி நீளம், அதுதான் அளவு. ரெண்டடி வராண்டான்னா இருபத்திநாலு அடி வேணும், நேரா இடம் இல்லன்னா நடுவுல ஒரு மேடை விட்டு திருப்பிக் கட்டணும், ரெண்டு பக்கமும் கம்பி. எட்டடில கட்டினது ராம்ப்பே இல்ல, யுடைஸ்ல "ராம்ப் உண்டு"ன்னு டிக் பண்ணறதுக்கு கட்டினது. அந்த டிக் இருக்கற வரைக்கும் திட்டத்துல உங்க ஸ்கூலுக்கு புது ராம்ப்பு வரவே வராது, ஏன்னா கம்ப்யூட்டர் கணக்குல ஏற்கனவே இருக்கு. முதல்ல எச்எம் அந்த விவரத்த திருத்தணும், அளவு எடுத்து போட்டோவோட பிஆர்சிக்கு எழுதணும். உள்ளடக்கிய கல்வி பணத்துல கட்ட முடியாது, அது கட்டுமானத் தலைப்பு. அப்புறம் உங்க ஸ்கூல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி, கட்டடம் கல்வித் துறைது இல்ல, ஒன்றியத்தோடது. அதனால பிடிஓ, அதான் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆபீஸ்லயும் மனு குடுங்க, கிராம சபைல எழுந்து சொல்லுங்க, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதிலயும் கேக்கலாம். நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளின்னு 2022 டிசம்பர்ல அரசு ஆரம்பிச்சதுல ஊர்க்காரங்க, கம்பெனிங்க குடுக்கற பணத்த வச்சும் இந்த மாதிரி வேலை நடக்குது. பாதைய எட்டடில கட்டி விட்டு போனவங்கள நெனச்சா கோவம்தான் வருது, ஒரு தடவ ஒரு வீல்சேர்ல பிள்ளைய வச்சு அவங்களே தள்ளிப் பாத்திருந்தா போதும்.

பிரபு, திருச்சி

புரிஞ்சது சார், நன்றி. கடைசியா ஒரு சந்தேகம், மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு இந்தத் திட்டப் பணத்தையே நிறுத்தி வச்சாங்களே, அப்ப இந்தப் பிள்ளைங்க பணம் என்னாச்சு?

சிறப்பாசிரியர், வட மாவட்டம்

2024-25ல நிறுத்தினாங்க. பிஎம் ஸ்ரீங்கற மத்திய அரசு மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்து போடலங்கறதுக்காக, மத்திய பங்கு 2152 கோடி வரல, அடுத்த வருஷம் மே மாசம் மாநில அரசு சுப்ரீம் கோர்ட்டுக்கே போச்சு. யார் சரி யார் தப்புன்னு இங்க பேச நான் வரல. ஆனா அந்தப் பணத்துல உள்ளடக்கிய கல்வியும் ஒரு பகுதிங்கறது வெளிய நிறைய பேருக்கு தெரியல. மும்மொழி, தேசிய கல்விக் கொள்கைன்னு டிவில சண்ட நடக்கும்போது, சக்கர நாற்காலிக்கு கேட்டு எழுதின லிஸ்ட்டும் அந்த ஃபைலுக்குள்ளதான் கெடந்துச்சு. எங்கள மாதிரி தொகுப்பூதியத்துல இருக்கறவங்க சம்பளமும் அதே திட்டம்தான்.

ஆள் பத்தாததும் ஒரு பெரிய விஷயம். தொடக்க வகுப்புல பத்து மாற்றுத்திறன் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதுக்கு மேல பதினஞ்சு பிள்ளைக்கு ஒருத்தர்னு 2022ல மத்திய அரசு அறிவிச்சாச்சு, அதுக்கும் ஒரு வருஷம் முன்னாடி சுப்ரீம் கோர்ட் சொன்னதுதான் காரணம். 2025 மார்ச்ல மறுபடியும் கோர்ட், எல்லா மாநிலமும் எத்தனை பணியிடம்னு அறிவிக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. நான் இப்ப பல ஸ்கூல சுத்தறேன், ஒரு ஸ்கூலுக்கு திரும்பி வர்றதுக்குள்ள பிள்ளை போன தடவ பழகினத மறந்திருக்கு. பணம் எவ்ளோ வந்தாலும் அந்த சேர்ல பையன எப்படி உக்கார வைக்கணும், எப்ப பெல்ட்ட மாத்தணும்னு கிளாஸ் டீச்சருக்கு காட்டித் தர ஒரு ஆள் அடிக்கடி வந்தாதான் அது உபயோகமாகும். செய்யாறு அக்கா, சேர் வந்ததும் பிசியோவ ஒரு தடவ ஸ்கூலுக்கே வரச் சொல்லுங்க, டீச்சரும் அந்த முட்டு குடுக்கற பக்கத்து பையனும் இருக்கும்போது காட்டித் தரச் சொல்லுங்க.

கவிதா

நடுவுல நொழையறதுக்கு மன்னிக்கணும், எனக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி. என் பொண்ணு அரசு உதவி பெறும் பள்ளில ஏழாவது, காது கேக்காது, மெஷின் போட்டிருக்கா. பொம்பள பிள்ளைங்களுக்கு தனியா மாசம் 200 ரூபாய் உண்டுன்னு கேள்விப்பட்டேன். அது ஒம்பதாவதுல இருந்துதான், அதுவும் கவர்மென்ட் ஸ்கூலுக்கு மட்டும்தான்னு ஆபீஸ்ல சொன்னாங்க, சரியா?

சிறப்பாசிரியர், வட மாவட்டம்

ரெண்டுமே சரியில்ல கவிதா. ஒம்பதாவதுல இருந்துங்கறது பழைய விதி. 2021ல திட்டத்த புதுப்பிச்சப்ப மழலையர் வகுப்புல இருந்து பன்னெண்டாவது வரைக்கும்னு ஆக்கிட்டாங்க, மாசம் 200, வருஷத்துல பத்து மாசம், மொத்தம் 2000. இது 3500 கணக்குக்கு மேல தனியா வர்றது, அதனால இத குடுத்துட்டு உங்க பொண்ணுக்கு மெஷின் இல்ல, பேட்டரி இல்லன்னு சொல்ல முடியாது. அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மூணும் உள்ளடக்கிய கல்வில வரும். சுயநிதி தனியார் பள்ளிக்குதான் வராது.

பணம் நேரா அக்கவுண்டுக்கு வர்றதால ரெண்டு விஷயம் பாருங்க, பொண்ணு பேர்ல அக்கவுண்ட் இருக்கா, ஆதார் அதோட இணைஞ்சிருக்கா. நிறைய பிள்ளைங்களுக்கு லிஸ்ட்ல பேர் இருந்தும் காசு திரும்பிப் போறது சின்ன வயசுல ஆரம்பிச்ச அக்கவுண்ட் உபயோகிக்காம முடங்கிக் கெடக்கறதாலதான், பேங்க்ல போய் ஒரு நூறு ரூபாய் போட்டு எடுத்து அத உயிரோட வச்சுக்கங்க. அப்புறம் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை குடுக்கற கல்வி உதவித்தொகை வேற, அது வேற துறை, வேற அப்ளிகேஷன், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல வாங்கணும். அத வாங்கறீங்கன்னு காட்டி இத மறுத்தா, எந்த விதின்னு எழுதிக் கேளுங்க. உங்க மாவட்டம் எதுன்னு மெசேஜ்ல சொல்லுங்க, உள்ளடக்கிய கல்வி ஒருங்கிணைப்பாளர் ஆபீஸ் எங்க இருக்குன்னு கேட்டு சொல்றேன்.